பூட்டிய கேட்டுக்குள் ஒரு மே தினம்

மே மாதம் முதல் தேதி எங்கள் துறையில் யாருக்கும் விடுமுறை கிடையாது. ஊரெல்லாம் லீவு விட்டிருக்கிறார்களா என்று போய்ப் பார்க்க வேண்டியவர்கள் நாங்கள். தொழிலாளர் துறையில் உதவி ஆய்வாளராகக் கோவில்பட்டியிலும் சுற்று வட்டாரத்திலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பணியில் இருந்தவரை ஒரு மே தினத்தைக்கூட வீட்டில் கழித்ததில்லை.

என் பழைய அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இரண்டு பெண்கள் போன மாதம் என்னைப் பார்க்க வந்தார்கள். இப்போதெல்லாம் எந்த இடத்தில் சோதனை என்பதைக் கம்ப்யூட்டரே முடிவு செய்கிறதாம். அது அவர்களுக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை. வேறொன்றுதான் உறுத்தியது.

“மேடம், மொதலாளி கோவப்பட்டாக்கூடப் பரவாயில்ல. வேலை பாக்கிறவியளே எங்களைத் திட்டுதாவ. லீவு வேணும்னு நாங்க கேட்டோமான்னு கேக்காவ. அதுக்கு என்ன பதில் சொல்ல?” என்றாள் ஒருத்தி.

அதே கேள்வியை நானும் வாங்கியிருக்கிறேன். வாங்கிய இடம் கழுகுமலைச் சாலையில் இருந்த ஒரு தீப்பெட்டி ஆபீஸ். எங்கள் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். அந்தப் பெண்களுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

நான் நாகலாபுரத்துக்காரி. மானாவாரி நிலம். மழை விழுந்தால் வேலை, விழாவிட்டால் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது. லீவு என்ற சொல்லை நான் பள்ளிக்கூடத்தில்தான் கேள்விப்பட்டேன். கோவில்பட்டியில் கல்லூரி, பிறகு அரசுத் தேர்வு, பிறகு சென்னையில் பயிற்சி. பயிற்சியில் சட்டப் பிரிவுகளை மனப்பாடம் செய்தேன். சோதனைக்குப் போகிற இடத்தில் எதைப் பார்ப்பது என்று எந்த வகுப்பிலும் சொல்லித் தரவில்லை.

அது தேவசகாயம் சாருடன் ஜீப்பில் போன பிறகு தெரிந்தது. அவர்தான் எங்கள் ஆய்வாளர். ஒல்லியான மனிதர், தூத்துக்குடிப் பக்கம். எந்த முதலாளியின் அறையிலும் உட்கார மாட்டார். நின்றுகொண்டே பேசுவார். டீ குடிக்க மாட்டார். தண்ணீர்கூட ஜீப்பில் சொந்தக் கேனில் கொண்டுவருவார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எல்லோரும் அவருக்கு அண்ணாச்சிதான். வழக்குப் போட்ட முதலாளியிடம்கூட, “அண்ணாச்சி, வீட்ல எல்லாரும் சொகமா?” என்று கேட்டுவிட்டுத்தான் குற்றத்தைச் சொல்வார். சட்டத்தில் இல்லாத ஒரு அடியை எடுத்து வைக்க மாட்டார் என்று அலுவலகத்தில் அவரைக் கேலி செய்வார்கள். எனக்கும் சில நேரம் எரிச்சலாக வரும்.

விடுமுறைச் சோதனை என்றால் அவர் முறை இப்படி இருக்கும். கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தால், முதலில் வாசலில் கிடக்கிற செருப்புகளைப் பார்ப்பார். பிறகு உள்ளே சுவரில் தொங்குகிற தூக்குவாளிகளை. வேலையாட்களை முதலாளியின் கண்ணில் படாத இடத்துக்குத் தனியாகக் கூப்பிடுவார். “இன்னைக்கு வேலை பாத்தியா?” என்று கேட்கவே மாட்டார். “காலையில என்ன சாப்பாடு? எங்கன வச்சுச் சாப்பிட்ட?” என்று தொடங்குவார். வேலைக்கு வந்தவர்களுக்கு இங்கேதான் சாப்பாடு. சும்மா வந்தவர்களுக்கு வீட்டில். இரண்டே கேள்வியில் விஷயம் வெளியே வந்துவிடும்.

ஜனவரி இருபத்தாறு, மே ஒன்று, ஆகஸ்டு பதினைந்து, அக்டோபர் இரண்டு. இந்த நான்கு நாளும் சம்பளத்துடன் விடுமுறை விட வேண்டும். வேலை வாங்கினால் முன்கூட்டியே தெரிவித்து, தொழிலாளியின் சம்மதம் பெற்று, இரட்டைச் சம்பளமோ மாற்று விடுமுறையோ கொடுக்க வேண்டும். மற்ற மூன்று நாளுக்கும் எங்கள் வட்டாரத்தில் பெரிய எதிர்ப்பு வந்ததில்லை. கொடியேற்றி மிட்டாய் கொடுத்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். மே ஒன்றுக்குத்தான் முகம் மாறும்.

கழுகுமலைச் சாலை ஆபீஸின் முதலாளி குருசாமி அண்ணாச்சிக்கும் அப்படித்தான் மாறியது. அந்த வருடம் ஏப்ரலில் நானும் சாரும் நினைவூட்டப் போனோம். அண்ணாச்சி கெட்ட மனிதர் அல்ல. வேலைக்கு வருகிற பெண்களின் வீட்டுக் கல்யாணத்துக்கு முதல் ஆளாக நிற்பார்.

“சார், தீபாவளிக்கு விடுதேன், பொங்கலுக்கு விடுதேன், பங்குனி உத்திரத்துக்கு விடுதேன். யாரும் கேக்காமலே சேலை எடுத்துக் குடுக்கேன். இந்த மே ஒண்ணு மட்டும் எனக்கு ஆகாது. அது கொடி புடிக்கிறவிய நாளு. அமெரிக்காவுலயே மே ஒண்ணு வேலை நாளு, தெரியுமா ஒங்களுக்கு? எம் மச்சினன் மவன் அங்கனதான் இருக்கான்” என்றார்.

சார் நின்றபடியே சொன்னார்: “உண்மைதான் அண்ணாச்சி. அவிய செப்டம்பர் மாசம் மொதத் திங்கக்கிழம விடுதாவ. நீங்க போன செப்டம்பர்ல விட்டீங்களா?”

அண்ணாச்சியே சிரித்துவிட்டார். ஆனால் சரி என்று சொல்லவில்லை.

அந்தப் பேச்சுக்குப் பிறகு நான் தேடித் தேடிப் படித்தேன். அடுத்த முறை யாராவது அமெரிக்காவை இழுத்தால் நானே பதில் சொல்ல வேண்டும் என்ற வீம்பு. எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்ய மாட்டோம் என்று சிகாகோ நகரத்துத் தொழிலாளிகள் ஒரு மே மாதத்தில் தெருவுக்கு வந்தார்கள். கூட்டத்தில் குண்டு வெடித்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது, பிறகு சிலரைத் தூக்கில் போட்டார்கள். உலகத்தின் பாதி நாடுகள் அந்த நாளை எடுத்துக்கொண்டன. அமெரிக்க அரசாங்கம் மட்டும் செப்டம்பரை வைத்துக்கொண்டது. இன்று அங்கே அது குடும்பத்தோடு வெளியே போய் இறைச்சி சுட்டுத் தின்கிற நாள், கடைகளில் தள்ளுபடி போடுகிற நாள். ஆஸ்திரேலியாவில் கல்தச்சர்கள் சிகாகோவுக்கும் முன்பே எட்டு மணி நேரம் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். அதைக் கொண்டாடும் நாள் அங்கே மாநிலத்துக்கு மாநிலம் வேறு. பிரான்சில் மே முதல் தேதி, மணி மணியாகத் தொங்கும் ஒரு வெள்ளைப் பூவை ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வார்கள். ஜப்பானில் உழைப்புக்கு நன்றி சொல்லும் நாள் நவம்பரில். வளைகுடாவில் கொத்தனாராக இருந்த என் சித்தி மகனிடம் கேட்டேன். “அப்பிடி ஒரு நாளு இருக்குங்கிற பேச்சே அங்கன கெடையாதுக்கா” என்றான்.

பூவோ கொடியோ இறைச்சியோ, அது அவரவர் ஊர் வழக்கம். யாரோ கேட்டுத்தான் அந்த நாள் வந்திருக்கிறது, எங்கேயும் தானாக வரவில்லை. படித்ததில் எனக்குத் தங்கியது அவ்வளவுதான்.

அந்த மே முதல் தேதி காலையில் கடைவீதியை முடித்துவிட்டு ஜீப் கழுகுமலைச் சாலையில் திரும்பியது. வெயில் அப்போதே தகித்தது. இரண்டு பக்கமும் பருத்தி எடுத்துவிட்டு வெறுமனே வெடித்துக் கிடந்தது கரிசல். குருசாமி அண்ணாச்சி ஆபீஸின் பெரிய இரும்புக் கேட்டில் வெளியே பூட்டுத் தொங்கியது. “மே தினம் விடுமுறை” என்று அட்டையில் எழுதி மாட்டியிருந்தார்கள்.

“விட்டுட்டாரு போலிருக்கே” என்றார் டிரைவர்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. இறங்கிப் போய்க் குனிந்து, கேட்டுக்கு அடியில் இருந்த இடைவெளி வழியாகப் பார்த்தேன். உள்ளே முற்றத்தில், கூடத்து வாசலை ஒட்டி, வரிசை வரிசையாகப் பெண்கள் செருப்பு.

“சார், உள்ள ஆள் இருக்கு” என்றேன்.

அவரும் குனிந்து பார்த்தார். எழுந்தபோது அவர் முகம் வேறாக இருந்தது. தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி அடைக்கும்போது குச்சி உரசிப் பற்றிக்கொள்வது சாதாரணம். ஒரு பெட்டி புஸ்ஸென்று எரியும், பக்கத்தில் வைத்திருக்கும் ஈரச் சாக்கைப் போட்டு அமுக்கிவிட்டு அடுத்த பெட்டியை எடுப்பார்கள். ஆனால் அதெல்லாம் கதவு திறந்திருக்கிற நாளில். அந்த ஆபீஸுக்கு அந்த ஒரு கேட்டைத் தவிர வேறு வழி கிடையாது. சுற்றுச் சுவரில் கண்ணாடிச் சில்லு பதித்திருந்தது.

“மேனேஜரக் கூப்பிடு. சாவியோட வரச் சொல்லு” என்றார் டிரைவரிடம். டிரைவர் எதிரே இருந்த டீக்கடைக்குப் போன் பேச ஓடினார். அந்த நேரத்தில்தான் உள்ளேயிருந்து ஒரு சத்தம். பெண்கள் கூட்டமாகக் கத்துகிற சத்தம். ஓட்டுக் கூரையின் இடுக்கு வழியாக வெள்ளைப் புகை வந்தது. முற்றத்தில் காலடிகள் ஓடி வந்து, கேட்டை உள்ளேயிருந்து கைகள் அடித்தன.

“தொறங்க! யாராவது தொறங்க!”

நான் சாரைப் பார்த்தேன். பூட்டிய இடத்தின் பூட்டை உடைக்க எங்கள் சட்டத்தில் எங்களுக்கு அதிகாரம் கிடையாது. போலீஸுக்குச் சொல்ல வேண்டும், தீயணைப்புக்குச் சொல்ல வேண்டும். என்ன ஆனாலும் உடைப்பது என்று நான் முடிவு செய்துவிட்டேன். ஓரத்தில் கிடந்த பெரிய கல்லைத் தூக்கி ஒரு அடியும் போட்டுவிட்டேன். கல்தான் தெறித்து விழுந்தது.

“கல்லுக்கு அது ஒடையாதும்மா” என்றார் சார். ஜீப்புக்கு ஓடி ஜாக்கி ராடைக் கொண்டுவந்தார். சட்டத்தில் இல்லாத அடியை எடுத்து வைக்காத மனிதர், பூட்டின் வளையத்துக்குள் அதைக் கொடுத்து, காலைக் கேட்டில் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு நெம்பினார். நானும் சேர்ந்து பிடித்தேன். டிரைவரும் வந்து பிடித்தார். கொண்டி பிய்ந்தது.

இருமிக்கொண்டே வெளியே வந்தார்கள். சிலர் சாலையோரப் புளிய மரத்தடியில் போய் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். கடைசியாக வந்தவள் வேலுத்தாய். முப்பது வயதிருக்கும். எரிந்துகொண்டிருந்த பெட்டிகள் மீது சாக்கைப் போட்டுப் படுத்து அமுக்கியவள் அவள்தான். முன்கையில் தோல் உரிந்திருந்தது. தீ அவள் கையிலேயே அடங்கிவிட்டது. அடங்காமல் பக்கத்தில் அடுக்கியிருந்த பண்டல்களுக்குத் தாவியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எங்கள் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

குருசாமி அண்ணாச்சி ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்.  “வெளிய பூட்டச் சொல்லி நான் சொல்லலயே சார். சத்தியமாச் சொல்லல. மேனேஜர் செஞ்ச வேலை” என்று அழுதார். அது உண்மையாகவே இருக்கலாம். வேலைக்கு வரச் சொன்னது அவர்தான்.

இனி வழக்குக்குச் சாட்சி வேண்டும். நான் வேலுத்தாயிடம் போனேன்.

“காலையில எங்க வச்சுச் சாப்பிட்டம்மா?”

“இன்னைக்கு வெரதம்.”

“இங்க எதுக்கு வந்த?”

“சாமி படத்துக்கு மாலை போட வந்தோம். எல்லாரும்தான் வந்தோம்.”

“கையில என்ன காயம்?”

“வீட்டு அடுப்புல சுட்டுக்கிட்டேன்.”

உள்ளே இன்னும் புகைந்துகொண்டிருந்தது. ஒவ்வொருத்தியாகக் கேட்டேன். எல்லோரும் மாலை போடத்தான் வந்திருந்தார்கள். வயதான ஒரு அம்மா என்னைப் பார்த்து, “லீவு குடுன்னு ஒங்ககிட்ட எவ கேட்டா? ஆபீசப் பூட்டிட்டா ஒங்களுக்கு மாசச் சம்பளம் வந்துரும். எங்களுக்கு யாரு தருவா?” என்றார்.

 சார் அலுவலகத்துக்குத் திரும்பியதும் உட்கார்ந்து, பூட்டை உடைத்தது தானே என்றும், அதற்கு முழுப் பொறுப்பும் தன்னுடையதே என்றும் மேலிடத்துக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டார். என் பெயரை எழுதவில்லை. “நானும்தான் சார் புடிச்சேன்” என்றேன். “ராடு என் கையில இருந்துச்சு” என்றார். மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அதற்கும் அதையே எழுதினார்.

சாட்சி இல்லாமல் வழக்கு நிற்காது. விட்டுவிடலாம் என்று அலுவலகத்தில் எல்லோரும் சொன்னார்கள். நான் விடுவதாக இல்லை. பூட்டிய கேட்டை உள்ளேயிருந்து அடித்த கைகளின் சத்தம் காதில் இருக்கும்போது எப்படி விடுவது? பஸ் ஏறி வேலுத்தாயின் ஊருக்குப் போனேன். முதல் தடவை வாசலோடு அனுப்பிவிட்டாள். அடுத்த தடவை தண்ணீர் கொடுத்தாள், பேசவில்லை. மூன்றாவது தடவை போனபோது தெருக்குழாயடியில் நாலைந்து பேர் இருந்தார்கள். குடத்தை இறக்கி வைத்துவிட்டு அவளே கேட்டாள்.

“ஆபீசரம்மா, ஒண்ணு கேக்கேன். எங்களுக்கு அடைச்ச பெட்டிக்குத்தான் கூலி. அடைக்காத நாளைக்குக் கூலி கெடையாது. லீவு விட்டா எங்க வீட்ல அன்னைக்கு அடுப்பு எரியாது. அந்த லீவ வாங்கிக் குடுக்கத்தான் இம்புட்டு நடையா நடக்கீங்க?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளும் நான் விடுமுறை, விடுமுறை என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். கேட்கிறவர்களின் காதில் அது பட்டினி என்று விழுந்திருக்கிறது.

“வேலுத்தாயி, அன்னைக்கு வேலை பாக்காம வீட்ல இருந்தாலும் ஒனக்குக் கூலி உண்டு. பெட்டி அடைக்கிறவியளுக்கும் உண்டு. முந்தி வாங்கின கூலிய வச்சு ஒரு நாளுக்கு எவ்வளவோ, அதக் குடுக்கணும். சட்டத்துல இருக்கு” என்றேன்.

 தண்ணீர் குடம் நிரம்பி வழிந்தது. யாரும் குழாயை மூடவில்லை.

“வீட்ல இருந்தாலும் உண்டா?”

“உண்டு.”

“அண்ணாச்சிக்கு இது தெரியுமா?”

“தெரியும். ஏப்ரல்லயே நாங்க போய்ச் சொல்லியாச்சு.”

வேலுத்தாய் பக்கத்தில் நின்றவளைப் பார்த்தாள். “ஏட்டி, கேட்டியா? கூலியோட லீவாம்லா. நம்மளப் போட்டுப் பூட்டி வச்சிருக்காவ.”

அந்த வாரமே ஆறு பேர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்கள். வேலுத்தாய் சேலைத் தலைப்பை விலக்கிக் கையைக் காட்டி, “இது அடுப்புல சுட்டது இல்ல சார்” என்றாள். சார் தன் நாற்காலியை அவளுக்கு எடுத்துப் போட்டார். அவர் நின்றுகொண்டே எழுதினார்.

கோர்ட்டில் வழக்கு நெடுநாள் இழுக்கவில்லை. ஆறு பெண்களும் வரிசையாக நிற்பதைப் பார்த்ததும் குருசாமி அண்ணாச்சி குற்றத்தை ஒப்புக்கொண்டார். வெளியே வராந்தாவில் வேலுத்தாயைப் பார்த்து, “ஒனக்கு நான் என்ன கொறை வச்சேன் தாயி? ஒன் தங்கச்சி கல்யாணத்துக்கு நான் வந்து நிக்கலயா? சேலை எடுத்துக் குடுக்கலயா?” என்று கேட்டார். குரலில் கோபமில்லை. உண்மையாகவே மனம் உடைந்திருந்தது.

“குடுத்தீங்க அண்ணாச்சி. நல்லா இருப்பீங்க. அது நீங்க குடுத்தது. இது எங்களோடது” என்றாள்.

நான் படித்த எந்தப் புத்தகத்திலும் மே தினத்தைப் பற்றி இவ்வளவு சுருக்கமாக எழுதியிருக்கவில்லை.

வந்திருந்த ஆறு பேரையும் வேலையை விட்டு நிறுத்தப் போவதாகப் பேச்சு வந்தது. நான் திரும்பத் திரும்ப அங்கே போய் நின்றேன். காரணமே இல்லாமல் கூடப் போனேன். அந்தச் சாலையில் எங்கள் ஜீப் தெரிந்துகொண்டே இருக்கட்டும் என்று சாரும் விட்டுவிட்டார். யாரையும் நிறுத்தவில்லை. அண்ணாச்சி கேட்டை இரட்டைக் கதவாக மாற்றினார், பின்சுவரில் ஒரு வழி வைத்தார். மறு வருடம் மே முதல் தேதி உண்மையாகவே ஆபீஸ் மூடியிருந்தது. கூலியும் கொடுத்தார். பக்கத்து ஆபீஸ்களில் பெண்கள் கேட்கத் தொடங்கினார்கள்.

அந்த முதல் விடுமுறையில் என்ன செய்தார்கள் என்று பிறகு கேட்டேன். வேன் பிடித்துக்கொண்டு கடல் பார்க்கப் போயிருக்கிறார்கள். பக்கத்தில்தான் இருக்கிறது கடல். அவர்களில் பாதிப் பேர் அதுவரை பார்த்ததில்லை. அதன்பிறகு ஒவ்வொரு மே தினமும் அது அவர்களுக்கு வழக்கமாகிவிட்டது. “நீங்களும் வாங்க” என்று வேலுத்தாய் வருடா வருடம் கூப்பிடுவாள். எனக்கு அன்றைக்குத்தான் டூட்டி.

நான் ஓய்வு பெற்ற பின் வந்த முதல் மே தினத்தில் அவள் போன் பண்ணினாள். “இனி என்ன சாக்குச் சொல்லுதீங்கன்னு பாப்போம். வாசல்ல வேன் நிக்கிது.”

போனேன். அவளுக்கும் மற்றவர்களுக்கும் தலை நரைத்துவிட்டது. இப்போது அவர்களில் சிலரின் மருமகள்களும் அதே ஆபீஸில் வேலை பார்க்கிறார்கள். வேன் முழுக்கப் புளிச்சோறும் சிரிப்பும். விளாத்திகுளம் தாண்டிக் குளத்தூரை நெருங்கியபோது, சாலையோரம் ஒரு தகரக் கூடம். உப்பு பாக்கெட் போடுகிற இடம். வாசலில் பெண்கள் செருப்பு வரிசையாகக் கிடந்தது. உள்ளே முகத்தில் துணி கட்டிக்கொண்டு உப்பை அள்ளி நிறுத்துக்கொண்டிருந்தார்கள்.

என் கண்ணில் பட்டது வேலுத்தாயின் கண்ணிலும் பட்டிருக்கிறது. “டிரைவரே, நிப்பாட்டுங்க” என்றாள். வேனில் முணுமுணுப்பு எழுந்தது. “வெயில் ஏறுது சின்னம்மா, கடலுக்குப் போவண்டாமா?” என்றாள் ஒரு மருமகள்.

“கடல் எங்கயும் ஓடாது. இரு.”

அவள் இறங்கினாள். நானும் பின்னால் இறங்கினேன். சட்டப் பிரிவு என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதற்குள் அவள் அந்தப் பெண்களிடம் பேசத் தொடங்கிவிட்டாள். வீட்டில் இருந்தாலும் கூலி உண்டு என்பதைத்தான் முதலில் சொன்னாள். எடுத்த எடுப்பில் அதைத்தான் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

“எங்க சூப்ரவைசர் அப்பிடிச் சொல்லலியே” என்றாள் உப்பு படிந்த கையோடு ஒருத்தி. “லீவு போட்டா நாளைக்கும் வராதங்காரு.”

“அவரு நம்பரு இருக்கா?”

அந்தப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள். வேலுத்தாய் தன் செல்போனில் ஒவ்வொரு எண்ணாக அழுத்தினாள். மணி அடித்தது. அந்தப் பக்கத்திலிருந்து யார் பேசுவது என்று கேட்டிருக்க வேண்டும்.

“நானா?” என்றாள் வேலுத்தாய். “கூலியோட லீவுல இருக்குத ஒரு தீப்பெட்டி ஆபீஸ்காரி பேசுதேன். ஒரு அஞ்சு நிமிசம் காது குடுங்க.”